தனுஷிகா: அபூர்வமான ஒரு பெயர் எப்படிப் பிறக்கிறது, எவ்வளவு பரவுகிறது

இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் முன்பள்ளிக்குப் போய் வரவு இடாப்பை வாங்கிப் பாருங்கள். தனுஷிகா, ஹர்ஷிகா, லக்ஷிகா, யதுஷிகா, கிருஷிகா என்று போகும். ஒரே பெயர் இரண்டு தடவை வந்திருப்பது குறைவு. ஆனால் டீச்சர் வாசலில் நின்று “ஷிகா” என்று கூப்பிட்டால் கால்வாசி வகுப்பு திரும்பிப் பார்க்கும். ஒவ்வொரு பெயரும் தனியாகப் பார்த்தால் அபூர்வம், சேர்த்துப் பார்த்தால் எங்கும் கேட்கிற ஓசை. இந்த வேடிக்கை எப்படி வந்தது என்பதைத் தனுஷிகா என்ற ஒரு பெயரை வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

“இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டால் அதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. பெயருக்குள் இருக்கும் சொல் எந்த மொழியுடையது, அதற்கு என்ன பொருள் என்பது ஒன்று. இந்த வடிவத்தை எப்படி, எதற்காகச் சேர்த்தார்கள் என்பது மற்றது. பேர் புத்தகங்களும் இணையத்துப் பட்டியல்களும் முதல் கேள்விக்கு மட்டும், அதுவும் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். புதுப் பெயர்களில் சுவாரசியமெல்லாம் இரண்டாவதில்தான்.

சரி, முதலில் வேரைப் பார்த்து முடித்துவிடுவோம். தனுஸ் என்பது வடமொழிச் சொல், வில் என்று பொருள். தமிழில் தனுசு என்று எழுதுகிறோம். தனுசு ராசியின் அடையாளம் வில் ஆனது அதனால்தான். தனுஷ்கோடி என்ற ஊர்ப்பெயரில் இருப்பதும் அதே வில். இராமன் தன் வில்லின் நுனியால் அடையாளமிட்ட இடம் என்பது அங்குள்ள ஐதீகம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ரயிலோடு இணைந்த கப்பல் சேவை தொடங்கியது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. இடைப்பட்ட ஐம்பது வருஷத்தில் தோட்டங்களுக்கு வந்தவர்களும், ஊருக்குப் போய்த் திரும்பியவர்களும் ஏராளமாக அந்தத் துறையைக் கடந்திருக்கிறார்கள். ஆனால் மகளுக்குத் தனுஷிகா என்று வைக்கும் இன்றைய அப்பா, தன் பாட்டன் ஏறிய கப்பலை நினைத்து வைப்பதில்லை. வேர் ஒன்றாக இருந்தால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. பெயர்க் கதை எழுதுகிறவர்கள் அடிக்கடி வழுக்குவது இந்த இடத்தில்தான்.

பின்பாதி ‘இகா’. வடமொழியில் பெண்பாலையும், சில இடங்களில் சின்னது, செல்லமானது என்பதையும் காட்டும் விகுதி. ராதா ராதிகா ஆவதும், அம்பா அம்பிகா ஆவதும் இதைக்கொண்டுதான். சந்திரிகாவிலும் இதுதான் இருக்கிறது. ஆக, தனுஷ் என்பதோடு இகா சேர்ந்தால் தனுஷிகா. உறுப்புகளை வைத்துப் பொருள் சொன்னால் ‘சின்ன வில்’, அல்லது ‘வில்லுக்கு உரியவள்’. அவ்வளவுதான், அதற்கு மேல் அதில் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை இணையத்திலேயே தட்டிப் பார்க்கலாம். தனுசு கிடைக்கும். தனுஷிகா என்று தேடிக் களைக்க வேண்டாம், அது அகராதிக்காகச் செய்த சொல் அல்ல.

இதில் ஒரு பொறி உண்டு. வடமொழியில் ‘தனு’ என்று தமிழில் எழுதக்கூடிய சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. மெல்லிய த வைத்த தனு என்றால் உடல், மெலிந்தது. தனுஜா என்றால் மகள், ‘உடலில் பிறந்தவள்’. அழுத்திச் சொல்லும் த வைத்த தனு என்றால் வில். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து. அதனால்தான் ஒரு தளத்தில் தனுஷிகாவுக்கு ‘மெல்லிய இடை கொண்டவள்’ என்று போட்டிருக்கும், இன்னொன்றில் ‘வில்’ வரும், மூன்றாவதில் ‘இளவரசி’ வரும். இளவரசி எங்கிருந்து வந்தாள் என்று கேட்காதீர்கள். அபூர்வமான பெயர்களுக்கு இந்தத் தளங்கள் கொடுக்கும் பொருள் எல்லாம் இளவரசி, தேவதை, அழகி, அதிர்ஷ்டசாலி என்ற நாலுக்குள் அடங்கிவிடும். தளம் சொல்லும் பொருளைப் பெயரின் எந்தத் துண்டு தருகிறது என்று பிரித்துப் பாருங்கள். எந்தத் துண்டும் தரவில்லை என்றால் அந்தப் பொருளை யாரோ பெற்றோரைச் சந்தோஷப்படுத்த எழுதியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

லயத்து வீட்டில் நடப்பது

இனி இரண்டாவது கேள்வி. பிள்ளை பிறந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு கோயில் ஐயரிடமோ சாத்திரம் பார்க்கிறவரிடமோ போவார்கள். அவர் ஒரு துண்டில் நட்சத்திரத்தையும் பாதத்தையும் எழுதி, அதற்குக் கீழே ஓரெழுத்தோ இரண்டெழுத்தோ எழுதித் தருவார். அந்த எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் 4 பாதம், மொத்தம் 108 எழுத்து என்பது கணக்கு. பூராடம் இரண்டாம் பாதத்துக்கு ‘தா’. பூராடம் இருப்பது தனுசு ராசியில். அந்தப் பிள்ளைக்குத் தனுஷிகா என்று வைத்தால் எழுத்தும் பொருந்தியது, ராசியும் பெயருக்குள்ளேயே வந்துவிட்டது.

ஆனால் இந்த 108 எழுத்து அட்டவணை வடமொழி ஒலிகளுக்காகச் செய்தது. சுவாதி நாலாம் பாதம், பூராடம் இரண்டாம் பாதம், பூரட்டாதி மூன்றாம் பாதம், உத்திரட்டாதி இரண்டாம் பாதம் ஆகிய நாலுக்கும் வடமொழியில் நாலு வேறு எழுத்து. தமிழுக்கு வரும்போது நாலும் த, தா ஆகிவிடுகின்றன. ஆகவே நாலு வெவ்வேறு நட்சத்திரத்துப் பிள்ளைகள் ஒரே எழுத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். த-வில் தொடங்கும் புதுப் பெயர்கள் இத்தனை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

மறுபக்கம், ஆயில்யத்தில் பிறந்த பிள்ளைக்கு டி, டு, டே, டோ என்று வரும். பழைய தமிழில் ட-வில் சொல் தொடங்காது. தொல்காப்பியம் தொடங்கி நம் இலக்கணங்கள் சொல்லும் விதி அது. ர, ல கூட அப்படித்தான், அதனால்தான் இராமன், இலக்குமி என்று முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். ட-வுக்கு முத்தம்மா மாதிரியோ செல்லம்மா மாதிரியோ கைக்கெட்டும் பெயர் எதுவும் இல்லை. அப்படியென்றால் வீட்டிலேயே ஒன்றைச் செய்ய வேண்டியதுதான். டிலக்ஷனா, டினுஷா, டிலக்ஷிகா போன்ற பெயர்களுக்குப் பின்னால் இப்படி ஒரு துண்டுக் கடதாசி இருப்பது வழக்கம்.

முதல் எழுத்து கிடைத்தாயிற்று. மிச்சத்தை யார் தீர்மானிப்பது? அங்கே குடும்பம் முழுக்க உள்ளே வந்துவிடும். மூத்தவன் தனுஷன் என்றால் தங்கைக்கு ஒத்து வர வேண்டும். அக்கா ஹர்ஷிகா என்றால் இரண்டாவதும் ஷிகாவில் முடிய வேண்டும். அம்மா பெயரில் ஓரெழுத்து, அப்பா பெயரில் ஓரெழுத்து எடுத்து ஒட்டுகிறவர்களும் உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: வனெஸ்ஸா என்று உலகம் முழுக்க வைக்கும் பெயரும் இப்படி ஒட்டியதுதான். ஜொனாதன் ஸ்விஃப்ட் என்ற ஆங்கில எழுத்தாளர், எஸ்தர் வனொம்ரி என்ற பெண்ணுக்காக, அவருடைய குடும்பப் பெயரில் ‘வன்’னையும் எஸ்தரின் செல்லப் பெயரான ‘எஸ்ஸா’வையும் சேர்த்துச் செய்தார். அந்தப் பெயர் வரும் கவிதை அச்சில் வந்தது 1726இல். முந்நூறு வருஷம் ஆகிவிட்டதால் இன்று அது ‘பழைய நல்ல பெயர்’.

தனுஷ் என்ற ஓசை வீடுகளுக்குப் பழக்கமானதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. நடிகர் தனுஷ் திரைக்கு வந்தது 2002இல். அவருடைய இயற்பெயர் வெங்கடேஷ் பிரபு, அதாவது அந்தத் தனுஷும் வைத்துக்கொண்ட பெயர்தான். ஒரு நடிகரின் பெயர் அப்படியே ஆண் பிள்ளைகளுக்குப் போகும். பெண் பிள்ளைக்கு வேண்டுமென்றால் வால் சேர்க்க வேண்டும். தனுஷியா, தனுஷிகா, தனுஷா எல்லாம் அப்படி வால் சேர்த்த வடிவங்கள். அதற்கு முந்தின தலைமுறையில் இந்த வேலையை இலங்கை வானொலி செய்தது. பிறந்தநாள் வாழ்த்திலும் நேயர் விருப்பத்திலும் வரிசையாகப் பெயர்கள் வாசிக்கப்படும். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வைக்கும் பெயர் பொகவந்தலாவைக்கு வந்து சேர்ந்தது அந்த வழியாகத்தான். லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரு வீட்டில் வானொலி இருந்தால் போதும், அடுத்தடுத்த காம்பராவெல்லாம் காது கொடுக்கும்.

அப்புறம் எண்சாத்திரம். இங்கேதான் பெயரின் எழுத்துக்கூட்டல் கெட்டுப்போகிறது, அல்லது உங்கள் நம்பிக்கையைப் பொறுத்து, சரியாகிறது. நம் ஊரில் பார்க்கிறவர்கள் ஆங்கில எழுத்துகளுக்கே எண் கொடுப்பார்கள். Danushika என்று எழுதினால் டி-க்கு 4, ஏ-க்கு 1, என்-னுக்கு 5, யூ-வுக்கு 6, எஸ்-ஸுக்கு 3, எச்-சுக்கு 5, ஐ-க்கு 1, கே-க்கு 2, கடைசி ஏ-க்கு 1. கூட்டினால் 28. இருபத்தெட்டு என்றால் எண் பார்க்கிறவர் முகம் சுளிப்பார். முன்னால் டி-க்குப் பக்கத்தில் ஓர் எச்-சைச் செருகினால் 33, அதாவது 6. முகம் மலர்ந்துவிடும். Dh என்பதற்குப் பதிலாக Th என்று, தீபா, தேவி என்பவற்றை Theepa, Thevi என்று இலங்கைத் தமிழர் எழுதுகிற பழக்கப்படி எழுதினாலும் அதே 33தான், ஏனென்றால் ஆங்கிலத்தின் D, T இரண்டுக்கும் 4. நான் இதை நம்புகிறவன் இல்லை. ஆனால் எங்கள் கொமியுனிகேஷன் கடைக்கு விண்ணப்பம் தட்டச்சு செய்ய வருகிறவர்கள் “தம்பி, அந்த எச்-சை விட்டிராதீங்க” என்று சொல்லும்போது நான் விடுவதில்லை.

மலைநாட்டில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. இங்கே பெயர் தமிழர் காதுக்கு மட்டும் வைப்பதில்லை. பக்கத்து ஊர் சிங்கள ஊர், பாடசாலைக்கு அடுத்த பாடசாலை சிங்களப் பாடசாலை, நாளைக்குப் பிள்ளை வேலைக்குப் போகும் இடத்திலும் அப்படித்தான். நிரோஷா, டிலானி, சாந்தி, சந்திரிகா எல்லாம் இரண்டு பக்கமும் செல்லும் பெயர்கள். தனுஷிகாவும் சிங்களப் பெண்களுக்கு வைக்கப்படும் பெயர். சிங்களத்தில் தனுஷ்க என்று குறுக்கி முடித்தால் அது ஆண் பெயர். ஆகவே ‘ஷி’யின் இகரத்தை விழுங்கிவிட்டால் பெண் பிள்ளை ஆண் பிள்ளையாகிவிடும். இரண்டு மொழியிலும் வாயில் நுழைகிற பெயராக இருக்கட்டும் என்று வெளிப்படையாகவே சொல்லி வைக்கிற பெற்றோர் உண்டு. அதில் பயமும் கொஞ்சம் இருக்கலாம், நடைமுறை யோசனையும் இருக்கலாம். குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

இத்தனையும் தாண்டி வீட்டுக்கு வந்தால் அப்பாயி “தனுசிகா” என்பார், இல்லாவிட்டால் “ஏ தனு”.

எத்தனை பேருக்கு இருந்தால் அபூர்வம்?

பழைய வழக்கத்தில் அபூர்வம் என்பது பெருமையே இல்லை. பாட்டியின் பெயரைப் பேத்திக்கு வைத்தார்கள். பேரன், பேத்தி என்ற சொற்களே பெயரன், பெயர்த்தி என்பதிலிருந்து வந்தவை. குலசாமி பெயரும் அப்படியே சுற்றி வரும். ஒரு தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில், கருப்பாயியும் மாரியாயியும் காளியம்மாவும் பலர் இருந்தார்கள். அடையாளம் தெரிய அப்பா பெயரையோ லயத்தையோ சேர்த்துச் சொன்னார்கள். திரும்பத் திரும்ப வருவதுதான் அன்று ஒரு பெயருக்கு மதிப்பு. ராஜேஸ்வரி, புவனேஸ்வரி, சாந்தி, வசந்தி, ஜெயந்தி என்று வந்த காலத்தில்கூட ஒரு வகுப்பில் இரண்டு ஜெயந்தி இருப்பதை யாரும் குறையாக எண்ணவில்லை. ‘வேறு யாருக்கும் இல்லாத பேரு’ வேண்டும் என்ற ஆசை அதற்குப் பிறகு வந்தது.

ஒரு பெயர் எவ்வளவு பரவியது என்பதை எப்படி அளப்பது? வெறும் எண்ணிக்கையைப் பார்க்கலாம். தரவரிசையைப் பார்க்கலாம், அது முதலாவதா நூறாவதா என்று. பிறந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை என்றும் பார்க்கலாம். இந்தக் கடைசியைத்தான் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் 1880 முதலான பெயர்க் கணக்கை வெளியிடுகிறது. 1880 பட்டியலில் பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு ஏழு பேர் மேரி. இன்று அதே பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் பெயர் நூற்றுக்கு ஒன்றுகூட வருவதில்லை. முதலிடம் என்ற சொல் மாறவில்லை, அதன் கனம் மாறிவிட்டது. அந்த நாட்டுப் பட்டியலில் ஒரு வருடத்தில் 5 பேருக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர் வெளிவராது. இங்கிலாந்து, வேல்ஸ் பட்டியலில் 3 பேருக்குக் குறைந்தால் வராது. பிள்ளையை யாரும் தேடிப் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக. ஆகவே ‘பட்டியலில் இல்லை’ என்றால் ‘யாருக்கும் இல்லை’ என்று அர்த்தமில்லை.

அபூர்வம் நிலைக்கும் என்றும் நினைக்க வேண்டாம். சொர்க்கம் என்று பொருள்படும் ஹெவன் என்ற ஆங்கிலச் சொல்லைப் பின்னாலிருந்து எழுதினால் நெவெயா. 2000இல் ஒரு ரொக் பாடகர் தன் மகளுக்கு அந்தப் பெயர் என்று தொலைக்காட்சியில் சொன்னார். மறுவருடமே அது அமெரிக்காவின் முதல் ஆயிரத்துக்குள் வந்தது, 2010இல் 25ஆம் இடம். புதுமைக்காக அதைத் தேர்ந்த ஆயிரக்கணக்கான பெற்றோர் ஒருவரை ஒருவர் அறியாமலேயே அதைச் சாதாரணப் பெயராக்கிவிட்டார்கள்.

எங்கள் ஷிகாக்களின் கதை அதைவிட நுட்பமானது. இங்கே பரவியது ஒரு பெயர் அல்ல, ஒரு முடிவோசை. அமெரிக்காவிலும் ஐடன், ஜேடன், கேடன், பிரேடன் என்று ஆண் பெயர்கள் ஒரே ஓசையில் கூட்டமாக வந்தன. இப்படி வரும்போது தரவரிசை உங்களை ஏமாற்றும். தனுஷிகா தனியாகக் குறைவு, ஹர்ஷிகா தனியாகக் குறைவு. காதுக்கோ எல்லாம் ஒன்று. காரணம் லேசானது: முதல் எழுத்தை நட்சத்திரம் தருகிறது, கடைசி அசையைக் காலம் தருகிறது, பெற்றோர் கையில் மிஞ்சுவது நடுவிலுள்ள ஓரிரண்டு எழுத்து. எல்லோரும் அந்த நடுவில்தான் புதுமை செய்கிறார்கள்.

இதில் சலித்துப்போய்த் தமிழ்ப் பெயருக்குத் திரும்புகிறவர்களும் இப்போது கூடி வருகிறார்கள். யாழினி, மகிழினி, இனியா, ஓவியா. எனக்கு இவை பிடிக்கும், பொருளும் பளிச்சென்று தெரியும், ஐந்து வயதுப் பிள்ளைக்கே தன் பெயரை விளக்கிச் சொல்ல முடியும். ஆனால் ‘இனி’ என்ற முடிவு அங்கேயும் வரிசை கட்டத் தொடங்கிவிட்டது.

பெயரை முடிவு செய்தவர்களுக்கு நடைமுறை விஷயம் ஒன்று. பிறப்பை 42 நாளுக்குள் பதிந்துவிட்டால் வேலை சுலபம். மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு, அலைச்சல் கூடும். பதிவதற்கு முன் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். சிங்களத்தில் த ஒலிக்கு நாலு எழுத்து, ன ஒலிக்கு இரண்டு, ஷ போன்ற ஒலிகளுக்கு வேறு வேறு எழுத்து. நீங்கள் சொல்லாவிட்டால் எழுதுகிறவர் தனக்குப் பழகியதைப் போடுவார். சான்றிதழில் ஒரு எழுத்து, பாடசாலை இடாப்பில் ஒன்று, சாதாரண தரப் பெறுபேற்றில் இன்னொன்று என்று போனால், அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் வரும்போது “இந்த மூன்று பெயரும் ஒரே ஆளைக் குறிக்கும்” என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடிக்க வேண்டிவரும். கடைக்கு வரும் இளம்பெண்களில் பலர் அதற்காகத்தான் வருகிறார்கள். பதிவாளர் எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டும்போது எழுத்தெழுத்தாக வாசியுங்கள். சிங்களம் வாசிக்க வராது என்றால் வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.